அமைச்சரின் வலது தோளுக்குப் பின்னால்

"ஏலே ராசு, இந்தப் புள்ள பேசுனா மூக்கு மேல உக்காந்திருக்க ஈக்குக்கூடக் கேக்காது. இதையா எனக்கு வசனம் சொல்லக் கூட்டியாந்திருக்க?"

நான் வேலைக்குச் சேர்ந்த காலையில் சவரிமுத்து ஐயா சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. என்னை நடுவில் நிற்க வைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக இயக்குநர் ராஜு சாரிடம் சொன்னார். ஐயாவுக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். தொடரில் அமைச்சர் வேடம். வெள்ளை வேட்டியும் துண்டுமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையில் அவர் நிஜ அமைச்சர் என்றுதான் நான் ஒரு நிமிடம் பயந்தேன்.

போன மாதம் ஒரு படப்பிடிப்பில் புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர் பெண், நடிகரின் காதுக்குள் சுண்டைக்காய் அளவு கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இது வர்றதுக்கு முன்னாடி வசனத்த எப்படிச் சொல்லுவீங்க?"

"பக்கத்துல நின்னு, காதுல."

"கேமராவுல தெரியாதா?"

"தெரியும். வாராவாரம் தெரிஞ்சுச்சு. ஊரே பாத்துச்சு."

அவள் நம்பவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பது சொச்சம் வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் வசனம் சொல்லும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மை. இனி அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. அந்த வேலை எனக்குக் கொடுத்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கே எழுதினாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுவேன். அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவளுக்குப் பெரிய வீம்பு. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்து வாசலில் நான் அவளுக்கு அரை அடி பின்னால், வலது தோளை ஒட்டி நிற்க வேண்டும். போர்டில் இருப்பதை உதடு அசையாமல் சொல்ல வேண்டும். "நத்தம் வண்டிம்மா" என்பேன். அவள் தானே படித்தது போலத் தலையை ஆட்டி, "இது நத்தம் வண்டியில்ல? நம்ம வண்டி இன்னும் வரல" என்று பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்வாள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் இடுப்பில் ஒரு கிள்ளு விழும். இரண்டாம் வகுப்பிலிருந்து பி.ஏ. முடிக்கும் வரை நான் பெற்ற பயிற்சி அதுதான். கல்லூரியில் வரலாறு படித்தேன். அதுவும் உதவியது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜு சாரின் வசனப் பக்கங்கள் அங்கேதான் டைப் அடிக்க வரும். பென்சிலில் எழுதுவார். எழுத்து, மழைக்குப் பிறகு மண்ணில் கோழி நடந்த மாதிரி இருக்கும். கடையில் மற்றவர்கள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் வாசித்துவிடுவேன். ஒருநாள் அவரே வந்தபோது, சரிபார்ப்பதற்காக ஒரு பக்கத்தை மெல்லிய குரலில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சூட்டிங்குக்கு வர்றியாம்மா? வாசிக்கிற வேலதான்."

சென்னைச் சேனல் ஒன்றுக்காக அவர் எடுத்துக்கொண்டிருந்தது வாரம் ஒரு முறை வரும் குற்றத் தொடர். சார் திண்டுக்கல்காரர். இங்கேயே எடுத்தால் யாரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்திருந்தார். கதையில் ஓர் இன்ஸ்பெக்டர் கொலைகளைத் துப்புத் துலக்குவார். எந்தக் கொலையைத் தோண்டினாலும் வழி அந்த அமைச்சர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அமைச்சராக நடித்த சவரிமுத்து ஐயா அகரத்துக்காரர். நாடகத்திலிருந்து வந்தவர். விடிய விடிய நடக்கும் நாடகத்தை ஒரு சொல் பிசகாமல் பேசியவர் என்று ஊரில் சொல்வார்கள். தொடர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு ஒரு பக்கம் லேசாக இழுத்துவிட்டது. கை, கால், பேச்சு எல்லாம் பழையபடி வந்துவிட்டன. மனப்பாடம் மட்டும் வரவில்லை. இரண்டு வரிக்கு மேல் தலையில் நிற்காது. இது ராஜு சாருக்கும், தயாரிப்பு வேலைகளைப் பார்த்த காதர் பாய்க்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். வாதம் வந்த ஆள் என்று சேனலுக்குத் தெரிந்தால் மறுநாளே ஆளை மாற்றிவிடுவார்கள்.

தொடர்களில் வசனத்தை மனப்பாடம் செய்து பேசுபவர்கள் குறைவு. உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார். நடிகர் அதைக் கேட்டுப் பேசுவார். குரலைப் பிறகு சென்னையில் டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் கெடுதல் இல்லை. ஐயாவிடம் அது பலிக்கவில்லை. நாடக மேடையில் அடி எடுத்துக் கொடுப்பவர் வலது பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பார். அந்தப் பழக்கத்தில், குரல் எங்கிருந்து வந்தாலும் ஐயாவின் கண் வலது பக்கம் ஓடும். எதிரே நிற்கும் இன்ஸ்பெக்டரிடம் உறுமிக்கொண்டே கண் மட்டும் வலப்புறச் சுவரில் யாரையோ தேடும். திரையில் பார்த்தால் களவாணி முழிக்கிற மாதிரி இருந்தது.

முதல் நாள் முழுக்க அப்படியே போயிற்று. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது காதர் பாய் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சார், அவரு கண்ண நம்மளால மாத்த முடியாது. கண்ணு போற எடத்துல ஒரு ஆள நிப்பாட்டிட்டா என்ன?"

திலகா பிறந்தது அப்படித்தான். அமைச்சருக்கு ஒரு பெண் உதவியாளர். வெளிர் நிறக் காட்டன் புடவை, கையில் ஒரு நீலக் கோப்பு, அமைச்சரின் வலது தோளுக்குப் பின்னால் எப்போதும் நிற்பாள். கோப்பைத் திறந்தால் உள்ளே அன்றைய வசனம். ஐயாவின் கண் வலது பக்கம் ஓடினால் அங்கே நான் இருப்பேன். அமைச்சர் ஒருவர் உதவியாளர் பக்கம் திரும்பித் தகவல் கேட்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

"நீ பேசவே வேணாம்மா. நிக்கிறதுதான் வேல" என்று காதர் பாய் ஆறுதல் சொன்னார். என் அம்மாவோ மில்லில், "எம் மக மந்திரிக்கு அடுத்த எடத்துல நிக்கிது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வேலையின் நுணுக்கத்தை இப்போது வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வரியை அர்த்தம் பார்த்து வெட்டக்கூடாது, மூச்சுப் பார்த்து வெட்ட வேண்டும். ஐயா முதல் துண்டின் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே அடுத்த துண்டு காதுக்குப் போய்விட வேண்டும். முன்னாலே கொடுத்தால் இரண்டும் கலந்துவிடும், பின்னாலே கொடுத்தால் ஒரு பள்ளம் விழும். 'ப', 'ம' வருகிற இடங்களில் உதடு மூடித் திறப்பது கேமராவுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கோப்பை மோவாய்க்கு உயர்த்த வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், உணர்ச்சியே இல்லாமல் சொல்ல வேண்டும். நான் கோபமாகச் சொன்னால் அவர் என் கோபத்தைத்தான் நடிப்பார், அவருடையதை அல்ல. பஸ் போர்டு வாசிப்பது போல, "ஒன்னை உயிரோட விடமாட்டேன்" என்று சொல்லுவேன். அது அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது அந்த அறையில் நிற்பவர்களுக்கு முதுகு சில்லிடும். முதல் தடவை அப்படி நடந்தபோது எனக்கே சில்லிட்டது. அந்த வரி என் வாயில் வெறும் தாளாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

தவறும் நடக்கும். ஒருநாள் கலெக்டர் வேடத்தில் ஒருவர் எதிரே நிற்கிறார். கோப்பில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. நான் பதறி, "செத்த பொறுங்க ஐயா, பக்கம் புரளல" என்று காதில் சொன்னேன். ஐயா நாற்காலியின் கையை ஓங்கித் தட்டி, கலெக்டரைப் பார்த்து முழங்கினார்.

"செத்த பொறுங்க ஐயா! பக்கம் புரளல!"

கலெக்டர் வெலவெலத்து, "சரிங்கய்யா" என்று இரண்டு அடி பின்னால் போனார். லைட் பிடித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராஜு சார் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மூஞ்சி திரும்பக் கிடைக்காது" என்று அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டார். டப்பிங்கில், "செத்த பொறுங்க ஐயா, பக்கத்தப் புரட்டாதீங்க" என்று மாற்றிவிட்டோம். உதடு ஏறக்குறையப் பொருந்தியது. அரசாங்கக் காகிதத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அதிகாரியை அமைச்சர் மடக்கிய காட்சி என்று அதை இன்றும் சிலர் மெச்சுகிறார்கள்.

ராஜு சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. படப்பிடிப்பில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் துண்டுதான் உட்கார்ந்திருக்கும். அவர் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். ஒரு ஷாட் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த 'தான்' வந்தால் எல்லோரும் மறுபடி தயாராகிவிடுவோம். பிடித்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். கூஜாவைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். அவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் எங்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சம்பளம். பெண் பிள்ளை என்று என்னைத் தள்ளியும் வைக்கவில்லை, தாங்கியும் பிடிக்கவில்லை. கடைசிப் பஸ் போவதற்குள் என் காட்சிகளை முடித்துவிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லாமலே செய்தார்.

தொடர் வரத் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு வினோதம் நடந்தது. அமைச்சர் ஒவ்வொரு முறை வாயைத் திறப்பதற்கு முன்னாலும் அந்தப் பெண் காதில் ஏதோ சொல்கிறாள். அவள் சொன்ன பிறகுதான் அவர் பேசுகிறார். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அமைச்சர் சும்மா, ஆட்டி வைப்பது அந்தப் பெண்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

டவுன் பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மாங்காய் கொண்டுவந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, எங்கூருக்கு பஸ்ஸே வரமாட்டேங்குது. மந்திரி காதுல ஒரு வார்த்த போட்டுவிடு."

"அது நாடகம்மா. அவரு நெச மந்திரி இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? நாடகத்துலயாச்சும் விடச் சொல்லேன். பாத்துக்கிட்டாவது இருப்போம்."

ராஜு சாரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து, அடுத்த வாரக் காட்சியில் ஒரு வரி சேர்த்தார். நான் காதில் சொன்னேன், அமைச்சர் அந்த ஊருக்கு பஸ் விட்டார். நிஜ பஸ் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா மறுபடி பார்த்தபோது ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தார். "எங்கூரு பேரு டிவில வந்துச்சு தாயி" என்றார்.

ஆனால் அதே ஊர்தான் என்னைச் சந்தேகப்படவும் தொடங்கியது. கதையில் ஒரு நில புரோக்கர் கொலை வந்தது. கொலை செய்தவர் அமைச்சரின் மச்சான் என்பது ராஜு சாரின் திட்டம். டீக்கடைகளில் வேறு பேச்சு. 'மச்சானாவது ஒன்னாவது. எல்லாம் அந்த நீலப் பைல் புள்ள வேலதான்.' அம்மாவிடம் மில்லில் ஒருத்தி, "ஒம் மகதான் கொல பண்ணுச்சாமே?" என்று கேட்டாளாம். "பண்ணியிருந்தா என்ன காரணம்னு எங்கிட்டச் சொல்லியிருக்கும்" என்று அம்மா பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தப் பேச்சு சேனலுக்குப் போய்விட்டது. சேனலிலிருந்து எங்கள் தொடரைக் கவனித்துக்கொண்ட முரளி என்பவர் சென்னையிலிருந்து வந்தார். நல்ல மனிதர், மரியாதையானவர், கூர்மையான கண். காலை வெயிலில் பங்களா வாசலில் நின்று இரண்டு செய்தி சொன்னார்.

"சார், திலகாதான் கொலகாரின்னு முடிச்சிடலாம். எல்லாரும் அதத்தான் எதிர்பாக்குறாங்க. அமைச்சர் அவள போலீஸ்ல ஒப்படைக்கிறாரு, அதோட அந்தப் பாத்திரம் முடிஞ்சிடும்."

ராஜு சார் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டாவது?"

"அமைச்சரா நடிக்கிறவரு. ஏன் எப்பப் பாத்தாலும் வலது பக்கமே திரும்புறாரு?"

"கழுத்துச் சுளுக்கு" என்றார் காதர் பாய்.

"ஒரு வருசமாவா பாய்?" முரளி சிரித்தார். ஆனால் விடவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. சென்னைல ஒரு பெரிய ஆள் கேக்குறாரு இந்த வேஷத்த. நான் ஒரு முடிவுக்கு வரணும். அந்தக் கடைசிக் காட்சியில திலகா அவருக்கு எதிர்ல நிக்கட்டும். ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியணும். வெட்டாம ஒரே ஷாட்டா எடுங்க. சாயங்காலம் நான் மானிட்டர்ல உக்காந்து பாக்குறேன்."

அவர் டவுனில் சாப்பிடக் கிளம்பிப் போனார். நான் எதிரே நிற்கப் போகிறேன். இரண்டு பக்கமும் போலீஸ். கோப்பு இல்லை, காது இல்லை. என் உதடு கேமராவுக்குத் தெரியும். வெட்டாமல் எடுத்தால் ஐயா மூன்றாவது வரியில் தடுமாறுவார், வேறு யார் எங்கிருந்து சொல்லிக் கொடுத்தாலும் கண் வலது பக்கம் ஓடும். அதோடு அவர் இடம் போய்விடும்.

ஐயா வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாக்கு இழுத்துக் கெடந்தப்ப எம் மகன் சொன்னான், போதும்ப்பா, இனிமே வீட்டுல உக்காருன்னு. ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டுக் கெடன்னான். நான் இங்கிட்டு வந்த பெறகு அவனே பஸ்ஸுல என்னைய, 'எங்கப்பா'ன்னு காட்டுறான் புள்ள." மோரில் விழுந்த வேப்பிலையை விரலால் எடுத்துப் போட்டார். "நாளைக்கு என்னன்னு காட்டுவான்?"

எனக்கு அம்மா நினைவு வந்தது. பஸ் ஸ்டாண்டில் தலை நிமிர்ந்து, சத்தமாக, "இது நத்தம் வண்டியில்ல?" என்று கேட்கும் அம்மா. அவளுக்கு வேண்டியிருந்தது எழுத்து அல்ல. பக்கத்தில் நிற்பவர் முன் தலை குனியாமல் இருப்பது. அதற்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னது தெரியாமலும் இருக்க வேண்டும். தெரியாமல் சொல்ல வழியில்லாத இடத்தில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். எல்லோர் காதிலும் விழும்படியே சொல்லிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

மாடிப்படிக்கு ஓடினேன்.

"சார், ஒரு வருசமா திலகா சொல்லித்தான் அமைச்சர் பேசுறாரு. அவரு அடுத்து என்ன பேசுவாருன்னு அவளுக்குத் தெரியாதா? இன்னைக்கு எதுக்க நின்னு, அவரு சொல்லப் போறத அவரு சொல்றதுக்கு முன்னாடி அவளே சத்தமாச் சொல்லட்டும் சார்."

ராஜு சார் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைப் பிடித்தார். துடைக்கவில்லை.

"எப்படிச் சொல்வா?"

"'இப்ப நீங்க இன்ஸ்பெக்டரப் பாத்து, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்வீங்க'ம்பா. ஐயா இன்ஸ்பெக்டரப் பாத்து அதையே சொல்வாரு. 'அடுத்தது, இவள வேலைக்கு வச்சது எங்க கட்சி ஆபீஸுன்னு சொல்வீங்க'ம்பா. அதையும் சொல்வாரு. அவ எழுதிக் கொடுத்த வரிய வச்சே அவளக் கைகழுவுறாருன்னு பாக்குறவங்களுக்குப் புரியும். ஐயாவுக்கு ஒரு வரியும் மனப்பாடம் வேணாம். நான் சொல்றப்ப அவரு என்னப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அதுதானே எதிர்ல நிக்கிறவளப் பாக்குறது?"

சார் கூஜாவைத் திறந்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"யார் எழுதுறது?"

"நான் எழுதுறேன் சார்."

அவர் சீவி வைத்திருந்த பென்சிலை என்னிடம் நீட்டினார். அந்தப் படியிலேயே, அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து எழுதினேன். கடைசி வரியைச் சேனல் கேட்டபடியே எழுத வேண்டியிருந்தது. 'கடைசியா, இவதான் கொலகாரி, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்வீங்க' என்பாள் திலகா. அமைச்சர் அப்படியே சொல்வார். போலீஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போகும். எழுதும்போது அது என் வேலையின் கடைசி வரி என்று தெரிந்தது. கை நிற்கவில்லை. ஐயாவின் கண் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் மனதில்.

சாயங்காலம் முரளி மானிட்டரில் உட்கார்ந்தார். காதர் பாய் அவர் கையில் டீயைக் கொடுத்தார். டம்ளரைப் பிடித்துக்கொள்வதிலாவது அவர் கவனம் போகட்டும் என்று தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தார்.

ராஜு சார் 'ஆக்‌ஷன்' என்றார். எத்தனையோ வாரம் வாய் திறந்தும் குரல் இல்லாமல் நின்றவள், முதல் முறையாகச் சத்தமாகப் பேசினேன்.

"இப்ப நீங்க சொல்வீங்க, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு."

ஐயா என்னை நேராகப் பார்த்தார். கண் ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் மெல்லத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, "இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். நான் சொல்லும்போது அது வெறும் குற்றச்சாட்டு. அவர் சொன்னபோது ஒரு மனிதன் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது போல இருந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. ஒவ்வொன்றாக நான் வைக்க, ஒவ்வொன்றாக அவர் எடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. முரளியின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

கடைசி வரி.

"கடைசியா, இவதான் கொலகாரி, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்வீங்க."

ஐயா பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மறுபடி சொல்லலாமா? சொன்னால் முரளிக்குப் புரிந்துவிடும். ராஜு சார் கையை உயர்த்தவில்லை. வெளியே ரோட்டில் ஒரு லாரி போய் அடங்கியது. ஐயா நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். வலது பக்கம் திரும்பினார். ஒரு வருடமாக நான் நின்ற இடம். அங்கே யாரும் இல்லை. அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ இதுவரைக்கும் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல" என்றார். "கொன்னது எம் மச்சான்."

அது யார் எழுதிய வரியும் இல்லை. யாரும் காதில் சொன்ன வரியும் இல்லை.

ராஜு சார் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். கேமரா தானாக ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய்தான், "சார், பிலிம் இல்ல, டேப்புதான், இருந்தாலும்" என்று இழுத்தார்.

முரளி எழுந்து வந்து ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அந்த வலது பக்கம் திரும்புனீங்க பாருங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ராஜு சாரிடம் கேட்டார். "ஆனா இதுல திலகா தப்பிச்சிட்டாளே சார்?"

"ஒரே ஷாட்டுன்னு சொன்னீங்க. எங்க வெட்டுறது?" என்றார் சார், கூஜாவைத் திறந்துகொண்டே.

எல்லோரும் போன பிறகு ஐயாவிடம் கேட்டேன். "கடைசி வரிய மறந்துட்டீங்களா ஐயா? இல்ல வேணும்னே விட்டீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்குத்தான் ஞாபகம் நிக்காதே தாயி. மறந்துட்டேன்" என்றார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. அன்றுவரை என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர், அன்றைக்குப் பிறகு 'தாயி' என்றுதான் கூப்பிட்டார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள் அம்மா மில்லுக்குச் சீக்கிரமே கிளம்பிப் போனாள். கேட்டவளிடம் பதில் சொல்ல வேண்டுமாம். திலகா இன்னும் சில வருடம் அமைச்சரின் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் காதில் சொன்னேன், ஐயா பேசினார். அவ்வப்போது ராஜு சார் பென்சிலை என் பக்கம் நீட்டுவார். ஒரு காட்சி, பிறகு ஓர் அத்தியாயம். ஒருநாள் தொடர் முடிந்தது. காதுக்குள் வைக்கும் கருவி வந்தது. ஐயா அகரத்தில் வீட்டோடு இருக்கிறார். ஆட்டுக்குட்டிகளை மகன்தான் பார்த்துக்கொள்கிறான்.

என் வாழ்க்கையில் நடந்த நல்லதையெல்லாம் யோசித்தால், யாரோ ஒருவர் எனக்காகக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருக்கிறார்கள். படியில் சார் விட்ட இடம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐயா விட்ட மௌனம். பஸ் ஸ்டாண்டில் தன் தோளுக்குப் பின்னால் அம்மா விட்ட அரை அடி. நன்றி சொல்லித் தீராது.

இப்போது நானே ஒரு குற்றத் தொடருக்குக் கதையும் வசனமும் எழுதுகிறேன். ராஜு சார்தான் எடுக்கிறார். போன வாரம் அகரத்துக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஒரு வேஷம் எழுதியிருக்கேன். பதவி போன பழைய மந்திரி. நாற்காலில உக்காந்திருப்பீங்க. வர்றவங்க எல்லாரும் உங்க காதுலதான் வந்து சொல்வாங்க."

"நான் என்ன சொல்லணும்?"

"ஒன்னும் சொல்ல வேணாம் ஐயா. கேட்டாப் போதும்."

"வசனமே இல்லையா? நான் என்ன கொடிக்கம்பமா?" முறைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு வரி நானே போட்டுக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

நேற்று முதல் அத்தியாயத்தை ராஜு சாருக்கு அனுப்பிவிட்டேன். கடைசிக் காட்சியில் ஐயாவின் பாத்திரப் பெயரை எழுதி, அதற்கு நேரே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.